ஒரு காலுக்கு ஒரு வேலை

நீங்கள் உட்காரப்போகும் ஆசனத்துக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை. வேகம் கொடுக்கிற மிதியும் இல்லை. ஒரு கிளட்ச், ஒரு பிரேக், பின்னால் வருவதைப் பார்க்க முன்கண்ணாடியில் ஒட்டிய சின்னக் கண்ணாடி ஒன்று. நமக்குத் தந்திருப்பது அவ்வளவுதான். வண்டியை ஓட்டுவது பக்கத்தில் இருப்பவர். தேவைப்பட்டால் நிறுத்துவது மட்டும் நாம்.

கண்டியில் அந்த இடதுபக்க ஆசனத்தில் என் இளமையில் பாதி போயிற்று. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பெண்தான் வேண்டும் என்று கேட்டு வருகிற குடும்பங்கள் இங்கே அதிகம். அதனால் எனக்கு வேலைக்குக் குறைவு இருந்ததில்லை. சென்ற வருஷம் இடுப்பு இனி முடியாது என்று சொல்லிவிட்டது. ஓய்வு வயது வருமுன்பே ஓய்வு எடுத்துவிட்டேன். இப்போது நீங்கள் மூன்று பெண்கள் பயிற்றுநர்களாகப் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படியும் முதலாளி கேட்டார்.

"மிஸ், நீளமா எழுதாதீங்க. அவங்க வாசிக்க மாட்டாங்க" என்றும் சொன்னார். பார்ப்போம்.

கிளட்சைப் பற்றியும் கியரைப் பற்றியும் நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். நான் எழுத நினைப்பது நம்முடைய வாயைப் பற்றி. நம் தொழிலில் விபத்துகளை உண்டாக்குவது பெரும்பாலும் நம் வாய்தான்.

நான் சேர்ந்த புதிதில் என்னிடம் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா பழக வந்தார். கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கெலிஓயாவில் குடியிருந்தார். பேரப்பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிப்போகும் பொறுப்பைத் தானே எடுக்க வேண்டும் என்று அந்த வயதில் கார் பழக ஆசைப்பட்டார். அமைதியான மனிதர். வண்டியில் ஏறுமுன் செருப்பைத் தட்டி மண் உதிர்ப்பார்.

ஒருநாள் கட்டுகஸ்தோட்டைச் சந்தியை நெருங்கினோம். எல்லாப் பக்கமும் பஸ். எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குப் பேச்சு கூடும். "ஐயா, சிக்னல் போடுங்க, கண்ணாடியப் பாருங்க, கிளட்ச மிதிங்க, கியரக் கொறைங்க, அந்த அம்மா குறுக்க வாறாங்க, இடது பக்கம் எடுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

ஐயா கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துக் கியரை எடுத்துவிட்டார். நடுச்சந்தியில் வண்டி நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீங்கள் இப்ப கனக்கச் சொன்னனீங்கள். இதில எதை முதல் செய்யிறது?"

"எல்லாத்தையும்தான் ஐயா! வண்டிய எடுங்க!"

"எல்லாத்தையும் செய்ய எனக்கு ஒரு மண்டைதான் இருக்கு. ஒண்டைச் சொல்லுங்கோ. நான் அதைச் செய்து முடிச்சாப் பிறகு மற்றதைச் சொல்லுங்கோ."

பின்னால் ஒரு பஸ் சாரதி பாதி உடம்பை வெளியே நீட்டி, "சீயா, கெதர யன்ன!" என்று கத்தினான். தாத்தா, வீட்டுக்குப் போ என்கிறான். ஐயாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் தமிழிலேயே பதில் சொன்னார்: "போறன் தம்பி, போறன். முதல் இவ சொல்லி முடிக்கட்டும்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "கிளட்ச் ஐயா" என்றேன். மிதித்தார். "முதல் கியர்." போட்டார். "ஹேண்ட் பிரேக்க எறக்குங்க." இறக்கினார். "கிளட்ச மெதுவா விடுங்க." விட்டார். அந்த இரைச்சலுக்கு நடுவில், ஒரு நேரத்தில் ஒரு சொல்லாக நாங்கள் சந்தியைக் கடந்தோம். அந்த நாலைந்து சொற்களைத் தவிர வேறு எதுவும் தேவைப்படவில்லை. சிக்னலையும் குறுக்கே வந்த அம்மாவையும் ஐயா தானாகவே பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒன்றைச் சொல்வேன். அது நடந்து முடியும் வரை உதட்டைக் கடித்துக்கொண்டு இருப்பேன். கேட்க எளிதாக இருக்கும். செய்து பாருங்கள். முன்னால் ஒரு லொறி வரும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது, வண்டி ஓட்டுவதைவிடக் கடினம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம் உள்ளவள். அம்மாவான பிறகு அது இன்னும் கூடியது. என் மகள் தர்ஷி இப்போது பல்லேகலயில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தானே ஸ்கூட்டரில் போய் வருகிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவள் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் நான் தொலைபேசி எடுப்பேன். எங்கே போகிறாய், மழையா, லொறி கூடவா என்று கேட்பேன். ஒருநாள் வீட்டுக்கு வந்து தலைக்கவசத்தைக் கழற்றாமலே சொன்னாள்: "அம்மா, நான் ஓட்டுற நேரம் எடுக்காதீங்க. நீங்க எடுத்தா நான் ரோட்டையும் பாக்கணும், உங்களையும் பாக்கணும்." ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தை எனக்கே அவள் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அவள் போய்ச் சேர்ந்தேன் என்று செய்தி அனுப்பும்வரை, தொலைபேசியை அரிசி வாளிக்குள் போட்டு மூடிவைத்துவிட்டுச் சமையலைப் பார்க்கிறேன். சிரிக்காதீர்கள். அப்படிச் செய்தால்தான் என் கை சும்மா இருக்கிறது.

நான் ஏன் இப்படி ஆனேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும்.

நம் வண்டியின் பின் ஆசனத்தைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெண்கள் தனியாகப் பழக வருவது குறைவு. துணைக்கு ஒருவர் வருவார். மாமியார், நாத்தனார், சில நேரம் தூங்குகிற கைக்குழந்தை. துணைக்கு வந்தவர் சும்மா இருக்க மாட்டார். நாம் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். ஓட்டுகிற பெண் எங்கள் இருவருக்கும் பதில் சொல்ல வேண்டும், ரோட்டையும் பார்க்க வேண்டும்.

திகனயிலிருந்து வந்த பரீதாவுக்குத் துணை அவருடைய மாமியார். எல்லோரும் அழைப்பதுபோல நானும் அவரை மாமி என்றே அழைத்தேன். பரீதாவின் கணவருக்குத் திகனயில் பலசரக்குக் கடை. மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டு அவர் படுத்துவிட்டார். கடை வேன் வாசலில் நின்றது. வேன் ஓடாவிட்டால் கடைக்குச் சாமான் இல்லை. அதனால் பரீதா ஓட்டப் பழக வந்தார்.

கெட்டிக்காரி. ஆனால் லைசென்ஸுக்கான ட்ரையல் பரீட்சையில் இரண்டு தடவை தவறினார். இரண்டு தடவையும் ஒரே இடம்: ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுப்பது. அந்த இடத்தில் கை ஒன்று செய்ய வேண்டும், இரண்டு கால்களும் வெவ்வேறு வேலை செய்ய வேண்டும். பரீதா எல்லாவற்றையும் ஒரே நொடியில் செய்து முடிக்கப் பார்ப்பார். வண்டி குதிக்கும், நிற்கும், பின்னுக்குப் போகும்.

"மிஸ், வீட்டுல நான் ஒரு கையால ரொட்டி சுடுவேன், மத்தக் கையால புள்ளக்கித் தல சீவுவேன், வாயால கடையில ஈக்கிற ஆளுக்கு சாமான் வெல செல்லுவேன். இந்தக் கார் மட்டும் எனக்கு ஏலா" என்பார்.

"ஒண்ணு முடிஞ்சி ஒண்ணு செய்ங்க பரீதா."

"ஒண்ணு முடியிற வரக்கும் மத்தது காத்துக்கிட்டு ஈக்குமா மிஸ்? ரொட்டி கருகிப் போகுமே."

பின்னாலிருந்து மாமி, "மகள், பேசாம ரோட்டப் பாருங்கோ. அங்க நாய் ஒண்டு ஈக்கி. ஹோர்ன் அடிங்கோ. லைட்டும் போடுங்கோ" என்பார். வெயில் கொளுத்தும் பட்டப்பகலில் பரீதா லைட்டையும் போடுவார்.

மூன்றாவது ட்ரையலுக்கு முன் கடைசிப் பாடம். ஹந்தானைப் பக்கம் ஏறும் பாதைக்கு அழைத்துப் போனேன். உங்களுக்குத் தெரியும், அங்கே பாதை ஒடுக்கம், ஏற்றம் கடுமை. அந்த ஏற்றத்தில் எடுத்துவிட்டால் உலகத்தில் எந்த ஏற்றத்திலும் எடுத்துவிடலாம்.

அன்றைக்கு தர்ஷியின் பாடசாலையை நேரத்தோடு விட்டுவிட்டார்கள். அப்போது அவளுக்கு ஏழு வயது. என் கணவருக்கு மாத்தளையில் வேலை. பிள்ளையை வைத்துக்கொள்ள ஆள் இல்லை. சீருடையோடு அழைத்துவந்து பின் ஆசனத்தில் மாமிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். பிள்ளையை ஏற்றக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். பெண் பயிற்றுநர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒருநாள் அதை மீறியிருக்கிறோம், அவரும் கண்டும் காணாமல் இருந்திருக்கிறார். நீங்களும் மீறுவீர்கள்.

மாமி தன் வீட்டு மரத்தில் பறித்த றம்புட்டான் பழம் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். எனக்குக் கொடுக்கத்தான். ஆனால் பிள்ளையைக் கண்டதும் பையைத் திறந்துவிட்டார். ஒவ்வொன்றாக உரித்துக் கொடுத்தார். தர்ஷிக்கு நல்ல சந்தோஷம்.

"அம்மா, இது நாம கடையில வாங்குறதவிட இனிப்பு" என்றாள்.

"மெதுவா சாப்புடு. மாமிக்கு நன்றி சொல்லு."

"சொல்லிட்டேன்."

அன்றைக்கு அதுதான் நாங்கள் அமைதியாகப் பேசிய கடைசிப் பேச்சு.

ஏற்றத்தின் நடுவில் பரீதாவை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். கியரை எடுத்து நியூட்ரலில் விட்டார். அவருடைய கால் பிரேக்கில் இருந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு முச்சக்கர வண்டி ஒட்டினாற்போல் வந்து நின்றது. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு பெண். சாரதிக்கு அவசரம். "நோனே, யன்னகோ!" என்று கத்தினான். போங்களேன் என்கிறான். அதற்கும் பின்னால் பாதை வளைந்து கீழே போகிறது. வளைவின் ஓரத்தில் தடுப்பு எதுவும் இல்லை.

"அவன் கத்தட்டும் பரீதா. உங்களுக்கு அவன் இல்ல. நான் சொல்றத மட்டும் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னால் தர்ஷி இருமுவது கேட்டது. ஒரு இருமல். பிறகு இருமல் இல்லை. பிறகு மாமி கத்தினார்.

"மிஸ்! புள்ளக்கி மூச்சு வருதில்ல! கொட்டையோட முழுங்கிட்டா! மிஸ்!"

பரீதா முழு உடம்போடும் பின்னால் திரும்பிவிட்டார். அவருடைய கால் பிரேக்கை விட்டு எழுந்தது. வண்டி பின்னுக்கு ஓடத் தொடங்கியது. என் கால் தானாக விழுந்தது. எங்கள் வண்டியின் பின்பக்கம் முச்சக்கர வண்டியின் மூக்கில் தட்டி நின்றது. அந்தக் குழந்தை வீரிட்டது.

வலது கையால் ஹேண்ட் பிரேக்கை மேலே வரை இழுத்தேன். காலை ஒரு மயிரிழை தளர்த்திப் பார்த்தேன். வண்டி நழுவியது. பழக வருகிறவர்கள் இழுத்து இழுத்துத் தேய்ந்த ஹேண்ட் பிரேக். மறுபடியும் மிதித்தேன். கியரில் போட்டு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது சரி. இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போது எனக்கும் அது வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

என் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் பின் ஆசனம் தெரியும். தர்ஷியின் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா திரும்புவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பவில்லை. கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துவிட்டேன்.

இத்தனை வருஷமாகியும் தூக்கத்தில் எனக்கு வருவது அந்த றம்புட்டான் கொட்டையோ மாமியின் கூச்சலோ அல்ல. நான் பார்வையை எடுத்த அந்த நொடிதான் வருகிறது.

எடுத்ததற்குக் காரணம் இருந்தது. நான் திரும்பினால் என் கால் தளரும். என் கால் தளர்ந்தால் நாங்கள் எல்லோரும், பின்னால் இருக்கிற தாயும் குழந்தையும் சேர்ந்து, வளைவுக்குப் போவோம். என் பிள்ளைக்கு நான் வேண்டும். நான் அவளிடம் போக வேண்டுமானால் இந்தப் பிரேக்கில் இன்னொரு கால் வேண்டும். அந்தக் கால் பரீதாவுடையது. முதலில் அந்தக் கால். பிறகுதான் பிள்ளை. அதைவிட ஒழுங்காக நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய்யாகும்.

"பரீதா, முன்னுக்குப் பாருங்க."

அவர் கேட்கவில்லை. பின் ஆசனத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு, "என்ட ராணி, துப்பும்மா, துப்பு, யா அல்லாஹ்" என்று அழுதுகொண்டிருந்தார். நான் என் கையை அவருடைய கன்னத்தில் வைத்து முகத்தை முன்னுக்குத் திருப்பினேன். ஒரு மாணவியை நான் அப்படித் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

"உங்க வலது காலு. பிரேக்குல வைங்க."

"மிஸ், புள்ள..."

"புள்ள என்னோட வேல. உங்களுக்கு பிரேக் மட்டும்தான் வேல. வேற ஒண்ணுமே இல்ல. திரும்பக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் கால எடுக்கக்கூடாது. அமத்துங்க."

நம் பக்கத்துப் பிரேக்கும் அவர்களுடைய பிரேக்கும் இணைக்கப்பட்டவை. அவர்கள் அமத்தினால் நம் காலுக்குக் கீழே இருக்கிற மிதியும் தானாக இறங்கும். இதுவரை அதை ஒரு இயந்திர விஷயமாகத்தான் நினைத்திருப்பீர்கள். அன்று என் காலுக்குக் கீழே அந்த மிதி இறங்கியது. இனி இறங்க இடமில்லை என்கிற வரை இறங்கியது. என் காலை மெதுவாகத் தூக்கினேன். வண்டி அசையவில்லை.

கதவைத் திறந்து இறங்கினேன். பின் கதவைத் திறந்தேன். தர்ஷியை இழுத்து வெளியே எடுத்தேன். அவளுடைய உதடு நிறம் மாறியிருந்தது. பாதையில் மண்டியிட்டு, என் தொடைமேல் அவளைக் குனிய வைத்து, முதுகில் அடித்தேன். நான் அவளை வாழ்க்கையில் அடித்ததே இல்லை. அன்று அடித்தேன். மாமி பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். வரவில்லை. மறுபடியும் அடித்தேன். வரவில்லை. எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் எனக்குக் கார் இல்லை, பாதை இல்லை, யார் கத்தினார்கள் என்பதும் இல்லை. அந்தச் சின்ன முதுகு மட்டும்தான் இருந்தது. பின்னால் வண்டி உருளுமோ என்ற எண்ணம் ஒருமுறைகூட எனக்கு வரவில்லை. அது பரீதாவின் வேலை.

கொட்டை தாரில் விழுந்து உருண்டது.

முதலில் ஒரு கரகரத்த மூச்சு. பிறகு இருமல். பிறகு அழுகை. அந்த அழுகையைப்போல இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

முச்சக்கர வண்டிச் சாரதி எப்போது இறங்கினான் என்று தெரியாது. சற்று முன் எங்களைத் திட்டியவன். "கலக் தியன்னம், நோனா" என்று சொல்லிக்கொண்டு பாதை ஓரத்திலிருந்து ஒரு பெரிய கல்லைத் தூக்கிவந்து எங்கள் வண்டியின் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். கல் வைக்கிறேன் என்றவன், வைத்துவிட்டு அதைக் காலால் உதைத்து இறுக்கினான். அவனுடைய வண்டியிலிருந்த பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, தர்ஷியின் முகத்தைக் கழுவும்படி கையால் காட்டினாள். கொஞ்சம் கீழே, பாதை ஓரத்தில், மலையிலிருந்து தண்ணீர் வடிகிற ஒரு பீலி இருந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். எல்லோரும் என் பின்னால் வந்தார்கள்.

மாமி பீலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தானே உரிச்சிக் குடுத்த. நான்தானே குடுத்த" என்று மார்பில் அடித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும் என்று நினைக்கிறேன். வரவில்லை. ஆசையாக உரித்துக் கொடுத்த கை அது. "மாமி, கொழந்த நல்லா இருக்கா. பாருங்க, நல்லா இருக்கா" என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

தர்ஷி விக்கி விக்கிச் சொன்னாள்: "அம்மா, என்னோட ஒரு சப்பாத்து கழண்டுருச்சி."

எல்லோரும் சிரித்தோம். அழுதுகொண்டே சிரித்தோம். முச்சக்கர வண்டிக்காரனும் சிரித்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, சப்பாத்து இல்லாத காலைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவன் தன் வண்டியை ஓரமாக எடுத்து எங்கள் வண்டியைக் கடந்து போனான். போகும்போது ஹோர்ன் அடிக்காமல் போனான். நான் பிள்ளையின் தலையைத் துவட்டினேன். தண்ணீர் குடிக்கவைத்தேன். மறுபடியும் தொண்டையைத் தடவிப் பார்த்தேன். மறுபடியும் பேசச் சொன்னேன். அவளுடைய முதுகில் என் கை பதிந்து சிவந்திருந்ததைச் சட்டையைத் தூக்கிப் பார்த்து அழுதேன். நேரம் போனது.

சப்பாத்தை எடுக்கத்தான் நான் வண்டிக்குத் திரும்பினேன்.

தங்கைகளே, ஒரு நேரத்தில் ஒன்று என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் உங்களுக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். பழக வந்தவருக்கு ஒன்றைச் சொல்லுங்கள், அதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். அவர் செய்வார். நீங்கள் நினைத்ததைவிட நன்றாகச் செய்வார். ஆனால் அப்படி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு மற்ற எதுவும் தெரியாது. அது முடிந்துவிட்டது என்பதும் தெரியாது. போய்ச் சொல்ல வேண்டியவர் நாம்.

பரீதா ஆசனத்தின் விளிம்பு வரை சறுக்கி வந்திருந்தார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. சரிசெய்ய அவர் கையை எடுக்கவில்லை. வலது கால் பிரேக்கை அடிவரை அமத்தியபடி நடுங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்குக் கீழே கல் இருப்பது அவருக்குத் தெரியாது. பின்னால் யாரும் இல்லை என்பதும் தெரியாது. பிள்ளை அழுததைக் கேட்டாரா, அல்லது மாமியின் அழுகை மட்டும்தான் கேட்டதா, பிறகு எங்கள் சத்தம் எல்லாம் தூரப் போனபோது என்ன நினைத்தார், எனக்குத் தெரியாது. கண்கள் நேரே முன்னால், ஏற்றத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணீர் தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் கதவருகே வந்தது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அப்போதும் திரும்பவில்லை.

"மிஸ்" என்றார். "புள்ள ஈக்குதா?"

"இருக்கா பரீதா. நல்லா இருக்கா. பீலியில மொகம் கழுவிட்டு நிக்கிறா."

அவர் மூச்சை விட்டார். உடம்பு முழுவதும் குலுங்கியது. ஆனால் கால் அப்படியே இருந்தது.

"அப்ப நான் கால எடுக்கவா மிஸ்?"

"எடுங்க. போதும், எடுங்க."

அவர் எடுக்கப் பார்த்தார். முகம் சுருங்கியது. "வருதில்ல மிஸ்" என்றார், சின்னப் பிள்ளையைப்போல.

நான் அவருடைய பக்கத்துக் கதவைத் திறந்து, பாதையில் குந்தி, இரண்டு கைகளாலும் அந்தக் கணுக்காலைப் பிடித்து, மிதியிலிருந்து மெதுவாகத் தூக்கி, தரையில் வைத்தேன்.